தொழிலாளர் நட்டஈட்டுக் காப்புறுதி: யாழ்ப்பாணத்து மரக்காலை ஒன்றிலிருந்து ஒரு மதிப்பீடு

யாழ்ப்பாண நகரில் கிளை வைத்திருக்கும் பொதுக் காப்புறுதி நிறுவனம் ஒன்றிடமிருந்து, எமது மரக்காலைக்கும் அதனோடு சேர்ந்த தளபாட வேலைத்தளத்துக்கும் நாம் ஆண்டுதோறும் புதுப்பித்து வரும் தொழிலாளர் நட்டஈட்டுக் காப்புறுதியைப் பற்றியது இந்த மதிப்பீடு. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இயந்திரம் வைத்து ஆட்களைக் கொண்டு வேலை செய்விக்கும் எவரும் இதை எடுக்காமல் இருக்கக் கூடாது. கட்டுப்பணம் நியாயமானது, விபத்து நேர்ந்தபோது நிறுவனம் பணத்தைத் தந்தது. ஆனால் காயப்பட்டவருக்கு அந்தப் பணம் போய்ச் சேர்ந்த வேகமும், அவர் நடத்தப்பட்ட விதமும் மனத்துக்கு நிறைவு தருவனவாக இல்லை. இந்தக் குறையை ஒரு கிளையின் அல்லது ஓர் உத்தியோகத்தரின் அசட்டையாக மட்டும் பார்க்க முடியாது. இந்தக் காப்புறுதி எங்கே, யாருக்காகப் பிறந்தது என்பதிலேயே அதன் வேர் இருப்பதால், வரலாற்றையும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்க்க வேண்டும். எம்மூர் முதலாளிமார் பலர், வேலையாட்களின் பெயரில் தனிநபர் விபத்துக் காப்புறுதி ஒன்றை எடுத்துவிட்டால் கடமை முடிந்தது என்று எண்ணுகிறார்கள். அது வேறு, இது வேறு. தனிநபர் விபத்துக் காப்புறுதி பத்திரத்தில் எழுதிய தொகையைத் தரும். அத்தோடு அதன் வேலை முடிந்துவிடும். தொழிலாளர் நட்டஈட்டுக் காப்புறுதியோ, 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் முதலாளியின் தலையில் வைத்திருக்கும் பொறுப்பையே ஏற்றுக்கொள்கிறது. வேலையின் நிமித்தமும் வேலையின் போதும் நேர்ந்த விபத்து என்றால், முதலாளியின் பக்கம் தவறு இருந்ததா இல்லையா என்ற கேள்விக்கு இடமின்றி, சட்டம் சொல்லும் அளவு நட்டஈட்டை அவர் கொடுத்தே ஆக வேண்டும். முதலாளி கொடுக்க வேண்டிய அந்தப் பணத்தை அவருக்காகக் கொடுப்பதே இக்காப்புறுதியின் வேலை.

“தவறு யாருடையது என்று கேட்பதில்லை” என்ற ஒரு நிலைக்கு உலகம் வந்து சேர்வதற்குப் பட்ட பாடு பெரிது. இங்கிலாந்தில் 1837இல் தீர்க்கப்பட்ட பிரீஸ்ட்லி எதிர் ஃபவுலர் வழக்கை இதன் தொடக்கமாகச் சொல்வார்கள். இறைச்சிக் கடைக்காரர் ஒருவரின் வேலையாள், அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றிய வண்டியில் அனுப்பப்பட்டு, வண்டி முறிந்து தொடையெலும்பு உடைந்தார். யூரிமார் அவருக்கு 100 பவுண் வழங்கினார்கள். மேல்மன்றம் அதைத் தள்ளிவிட்டது. வேலையாளுக்கு நட்டஈடு கொடுக்கத் தொடங்கினால் அதற்கு எல்லையே இராது என்பதும், ஆபத்தான வேலையென்றால் அவர் மறுத்திருக்கலாம் என்பதும் நீதிபதி ஏபிங்கர் பிரபுவின் நியாயம். அதன் பின்பு முதலாளிமாருக்கு மூன்று கேடயங்கள் கைவந்தன. கூட வேலை செய்தவரின் தவறால் காயம் வந்தால் முதலாளி பொறுப்பில்லை. ஆபத்தை அறிந்தே வேலைக்கு வந்தவர் அதை ஏற்றுக்கொண்டவராவார். காயப்பட்டவரிடமும் சிறிது கவனக்குறைவு இருந்தால் ஒன்றும் கிடையாது. ஆலைகளும் சுரங்கங்களும் புகையிரதப் பாதைகளும் பெருகிய காலத்தில், இந்த மூன்றையும் தாண்டி வென்று வரக்கூடிய தொழிலாளி அரிதாகவே இருந்தார்.

இந்தக் கட்டை முதலில் அவிழ்த்தது ஜேர்மனி. சான்சலர் பிஸ்மார்க்கின் அரசு 1884இல் நிறைவேற்றிய விபத்துக் காப்புறுதிச் சட்டம் 1885 ஒக்ரோபரில் நடைமுறைக்கு வந்தது. சோசலிசக் கட்சியின் பக்கம் சாய்ந்துகொண்டிருந்த தொழிலாளரை அரசின் பக்கம் இழுப்பதே பிஸ்மார்க்கின் நோக்கம் என்பது மறைவான செய்தியல்ல. நோக்கம் எதுவாயினும், அவர் அமைத்த ஏற்பாட்டைப் பார்க்கும்போது எனக்கு இன்றும் மதிப்பு உண்டாகிறது. ஒவ்வொரு தொழில் துறையின் முதலாளிமாரும் கட்டாயமாக ஒரு சங்கத்தில் சேர வேண்டும். செலவு முழுவதும் அவர்களுடையது. காயப்பட்டவர் தனது முதலாளியிடம் கையேந்தாமல் அந்தச் சங்கத்திடமிருந்தே தனது உரிமையைப் பெறுவார். முற்றாக வேலை செய்ய முடியாதவருக்குச் சம்பளத்தின் மூன்றில் இரண்டு பங்கு ஓய்வூதியமாகக் கிடைத்தது. விபத்துக்கான செலவு சங்கத்தின் தலையில் விழுந்ததால், விபத்தைத் தடுக்கும் விதிகளை எழுதுவதிலும் சங்கங்கள் அக்கறை காட்டின.

இங்கிலாந்து வேறு வழியில் போனது. 1880இல் வந்த சட்டம் பழைய கேடயங்களை ஓரளவு மட்டுமே தளர்த்தியது. அமைச்சர் ஜோசப் சேம்பர்லேன் முன்னின்று 1897இல் கொண்டு வந்த தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டந்தான் தவறு பற்றிய கேள்வியை அகற்றியது. வேலை செய்ய முடியாத காலத்துக்குச் சராசரி வாரச் சம்பளத்தின் பாதி, அதுவும் வாரத்துக்கு 1 பவுணுக்கு மேற்படாமல். இறந்தால் மூன்று ஆண்டுச் சம்பளம் அல்லது 150 பவுண், இரண்டில் கூடியது, ஆனால் 300 பவுணுக்கு மேல் இல்லை. தொடக்கத்தில் புகையிரதம், சுரங்கம், தொழிற்சாலை போன்றவற்றுக்கும், கட்டட வேலையென்றால் 30 அடிக்கு மேல் உயர்ந்த கட்டடங்களுக்கும் மட்டுமே அது பொருந்தியது. 1906இல் ஏறத்தாழ எல்லாத் தொழில்களுக்கும், சில தொழில் நோய்களுக்கும் விரிக்கப்பட்டது. ஆனால் ஜேர்மனியின் பொதுச் சங்கத்தை இங்கிலாந்து எடுத்துக்கொள்ளவில்லை. பொறுப்பு தனித்தனி முதலாளியின் மேல் வைக்கப்பட்டது. விரும்பியவர் தனியார் நிறுவனத்திடம் காப்புறுதி எடுத்துக்கொள்ளலாம் என்று விடப்பட்டது. காப்புறுதி எடுக்காத முதலாளி முறிந்துபோனால் தொழிலாளிக்கு மிஞ்சியது தீர்ப்புக் கடதாசி மட்டுமே. அங்கு 1946ஆம் ஆண்டுச் சட்டத்தால் அரசே இந்தப் பொறுப்பை ஏற்று, 1948 முதல் பழைய முறை கைவிடப்பட்டது.

அமெரிக்காவின் கதையில் ஒரு இடத்தைச் சொல்லாமல் போக முடியாது. நியூயோர்க் மாநிலம் 1910இல் இயற்றிய நட்டஈட்டுச் சட்டத்தை, தவறு செய்யாத முதலாளியிடம் பணம் பறிப்பது அரசியலமைப்புக்கு முரண் என்று கூறி அம்மாநில உயர்மன்றம் 1911 மார்ச் 24இல் இரத்துச் செய்தது. மறுநாள் மார்ச் 25இல், நியூயோர்க் நகரத்தின் டிரையாங்கிள் ஆடைத் தொழிற்சாலையில் தீ மூண்டது. கதவு பூட்டப்பட்டிருந்ததால் வெளியேற முடியாமல் தவித்தவர்களும், மேல்மாடிகளிலிருந்து குதித்தவர்களுமாக 146 பேர் இறந்தனர். அவர்களிற் பெரும்பாலோர் குடியேறிய குடும்பங்களின் இளம் பெண்கள். அதே ஆண்டில் விஸ்கொன்சின் மாநிலம் நிலைத்து நின்ற முதல் நட்டஈட்டுச் சட்டத்தை நிறைவேற்றியது. கடைசியாக மிசிசிப்பி சேர்ந்தது 1948இல்.

இலங்கைக்கு வந்து சேர்ந்தது இங்கிலாந்தின் வழி. இந்தியாவில் 1923இல் அதே அச்சில் ஒரு சட்டம் வந்துவிட்டது. இங்கே பிரித்தானிய ஆட்சிக்கால டொனமூர் யாப்பின் கீழ் 1931இல் அமைந்த அரசாங்க சபையில், தொழில், கைத்தொழில், வர்த்தக அமைச்சராக மலையகத்தைச் சேர்ந்த பெரி சுந்தரம் இருந்த காலத்தில்தான் 1934ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் நிறைவேறியது. யாழ்ப்பாண வாலிபர் காங்கிரசின் பகிஷ்கரிப்பால் வடக்கின் நான்கு ஆசனங்கள் 1931 முதல் வெறுமையாகக் கிடந்து, 1934இல்தான் நிரப்பப்பட்டன என்பதை இங்கே நினைத்துப் பார்க்கிறேன். பூரண சுயராச்சியம் கேட்டு விலகி நின்றவர்களின் நோக்கம் உயர்ந்தது; ஆயினும், தொழிலாளரின் கைகால்களுக்கு விலை குறிக்கும் சட்டம் உருவாகி வந்த ஆண்டுகளில், பனையேறியைப் பற்றியும் மீனவரைப் பற்றியும் பேசுவதற்குக் குடாநாட்டின் குரல் அச்சபையில் இருக்கவில்லை.

அந்தச் சட்டத்தின் எலும்புக்கூடு இன்றும் அதுவே. நிரந்தரமான பகுதி இயலாமைக்கு எந்த உறுப்புக்கு எவ்வளவு என்று ஓர் அட்டவணை உண்டு. தற்காலிக இயலாமைக்கு அரை மாதத்துக்கு ஒரு முறை கொடுப்பனவு உண்டு. மரணம் என்றால் முதலாளி பணத்தை நேரே வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்து முடிக்க முடியாது. தொழிலாளர் நட்டஈட்டு ஆணையாளரிடம் வைப்பிலிட வேண்டும். தங்கி வாழ்ந்தவர்களுக்கு அவரே பகிர்ந்து கொடுப்பார். உச்சத் தொகை 2005இன் திருத்தத்தில் 550,000 ரூபாவாக இருந்து, 2022இன் திருத்தத்தில் 2,000,000 ரூபாவாக உயர்த்தப்பட்டது. அதே 2022இல்தான், வீட்டிலிருந்து வேலைக்கு வரும் வழியிலும் திரும்பும் வழியிலும் நேரும் விபத்துகளும் சட்டத்துக்குள் கொண்டுவரப்பட்டன. ஜேர்மனி இதை 1925இலேயே செய்துவிட்டது. அதிகாலையில் சைக்கிளிலும் மோட்டார் சைக்கிளிலும் ஏ9 வீதியோரமாக வேலைக்கு வருபவர்களைக் காணும் எவருக்கும் இத்திருத்தத்தின் பெறுமதி விளங்கும். உச்சத் தொகை உயர்ந்த அதே ஆண்டில் விலைவாசி அதன் கணிசமான பகுதியைத் தின்றுவிட்டது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இனி நாம் வாங்கிய பத்திரத்துக்கு வருகிறேன். கட்டுப்பணம் ஆட்களின் எண்ணிக்கையை வைத்துக் கணிக்கப்படுவதில்லை. ஆண்டு முழுவதும் கொடுக்கவிருக்கும் மொத்தச் சம்பளத்தை வைத்துக் கணிக்கப்படுகிறது. கணக்கு எழுதும் பிள்ளைக்கு ஒரு வீதம், வட்டவாளிலும் சீவுளி இயந்திரத்திலும் நிற்கும் ஓடாவிமாருக்கு அதைவிடப் பல மடங்கு கூடிய வீதம். ஓடாவி ஒருவருக்கு மாதம் 80,000 ரூபா கொடுப்பதாக வைத்துக்கொண்டால், அவர் பெயரில் 960,000 ரூபா கணக்கில் ஏறும். அதன் மேல் நூற்றுக்கு இவ்வளவு என்று கட்டுப்பணம் விழும். ஆண்டு முடிவில் உண்மையில் கொடுத்த சம்பளத்தை அறிவிக்க வேண்டும். கூடியிருந்தால் மேலதிகம் கட்ட வேண்டும், குறைந்திருந்தால் கழித்துத் தருவார்கள். இந்த ஏற்பாடு நேர்மையானது. எமக்கு ஒரு முறை திருப்பித் தர வேண்டியிருந்ததை நாம் நினைவூட்டாமலேயே தந்தார்கள். இதை அவர்களின் நல்ல பக்கமாகப் பதிவு செய்கிறேன்.

இங்கே பலர் செய்யும் ஒரு காரியம், கட்டுப்பணத்தைக் குறைப்பதற்காகச் சம்பளத்தைக் குறைத்துக் காட்டுவது. நட்டஈடு சம்பளத்தின் அடிப்படையில் கணிக்கப்படுவதால், குறைத்துக் காட்டிய ஒவ்வொரு ரூபாவும் காயப்பட்டவரின் பங்கிலிருந்தே போகிறது; மிச்சத்தை முதலாளி தன் கையாற் போட வேண்டியும் வரும். ஊழியர் சேமலாப நிதிக்கு அனுப்பும் படிவமும், சம்பளப் பதிவேடும், காப்புறுதிக்குக் கொடுத்த அறிக்கையும் ஒன்றோடொன்று பொருந்தாவிட்டால், உரிமைக் கோரலின் போது முதலில் பிடிபடுவது அதுவே.

விபத்தும் நேர்ந்தது. வட்டவாளில் ஓடிய முதிரைப் பலகை ஒன்று முடிச்சில் உதைத்துத் திரும்பியதில், இளம் ஓடாவி ஒருவரின் இடக்கைச் சுட்டுவிரல் முதற் கணுவோடு போய்விட்டது. வாளின் காப்புக் கவசம் அதன் இடத்தில் இருந்தது; அவர் பலகையைத் தள்ளும்போது ஒரு கணம் வேறு பக்கம் பார்த்திருக்கிறார். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கட்டுப்போட்ட கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவர் கேட்டது இதைத்தான்: “அண்ணை, பிழை என்னிலதான். நான் அங்காலை பாத்திட்டன். அதாலை காசு தரமாட்டினமோ?”

“ஆரில பிழையெண்டு இதில கேக்கிறதில்லைத் தம்பி. நீர் முதல்ல கையைப் பாரும்” என்று என்னால் தயக்கமின்றிச் சொல்ல முடிந்தது. அந்தப் பதிலை நான் சொல்வதற்குப் பின்னால் 1837 முதல் தோற்றுப்போன எத்தனையோ பேரின் வழக்குகள் இருக்கின்றன. மது போதையில் இருந்தமை, பாதுகாப்புக்காகக் கொடுத்த கட்டளையை வேண்டுமென்றே மீறியமை, காப்புக் கவசத்தை அறிந்துகொண்டே அகற்றியமை போன்றவை, மரணம் சம்பவிக்காத காயங்களில், நட்டஈட்டைத் தடுக்கும். ஆனால் வேலை செய்யும் மனிதருக்கு இயல்பாக வரும் ஒரு கணக் கவனக்குறைவு தடையாகாது.

நிறுவனம் அறிவித்தலை உடனே பதிவு செய்தது. கிளையிலிருந்து ஒருவர் வந்து இயந்திரத்தைப் பார்த்தார், படம் எடுத்தார், மரியாதையாக நடந்துகொண்டார். அதன் பின்புதான் இழுபறி தொடங்கியது. கோப்பு கொழும்புக்குப் போனது. வைத்திய அறிக்கையின் பிரதி போதாது, மூலம் வேண்டும் என்றார்கள்; மூலத்தை அனுப்பினால், இயலாமையின் வீதத்தைத் தனியாகக் குறிப்பிட்ட இன்னொரு அறிக்கை வேண்டும் என்றார்கள்; இவை எல்லாவற்றையும் முதல் நாளிலேயே ஒரு பட்டியலாகத் தந்திருக்கலாம். இடைப்பட்ட மாதங்களில் அவருக்கு உரிய அரை மாதக் கொடுப்பனவுகளை நாமே கொடுத்துப் பற்றுச்சீட்டு வாங்கி வைத்தோம். அவற்றை நிறுவனம் பிற்பாடு குறையாமல் திருப்பித் தந்தது. ஆனால் கையிருப்பு இல்லாத முதலாளியிடம் வேலை செய்பவர் அந்த மாதங்களை எப்படிக் கடப்பார்? சட்டம் அரை மாதத்துக்கு ஒரு முறை என்று வைத்தது, அடுப்பு எரிவது நிற்கக் கூடாது என்பதற்காக அல்லவா?

இதைவிட என்னை வருத்தியது வேறொன்று. அந்த இளைஞர் கிளைக்குத் தானே போய்த் தனது கோப்பின் நிலையைக் கேட்டபோது, “உங்கள் முதலாளியிடம் கேளுங்கள்” என்று அனுப்பிவிட்டார்கள். அவர்களின் கணக்கில் அது சரி. பத்திரம் எமக்கும் நிறுவனத்துக்கும் இடையிலானது. விரலை இழந்தவர் அந்த ஒப்பந்தத்துக்கு வெளியே நிற்பவர். இதுவே 1897இல் இங்கிலாந்து தெரிந்தெடுத்த வழியின் நேரடி விளைவு என்று நான் கருதுகிறேன். ஜேர்மனியின் ஏற்பாட்டில் காயப்பட்டவரே கோருபவர். எமது ஏற்பாட்டில் காயப்பட்டவர் முதலாளியின் நட்டத்துக்கு ஒரு சாட்சி மாத்திரமே. சட்டத்தை மாற்றுவது நிறுவனத்தின் கையில் இல்லைத்தான். ஆனால் அவரை உட்கார வைத்து, கோப்பு எந்த நிலையில் இருக்கிறது என்று சொல்வதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை.

பத்திரம் முழுவதும் ஆங்கிலத்தில் இருப்பது அடுத்த முறைப்பாடு. தமிழில் ஒரு மடிப்புத் துண்டுப்பிரசுரம் தருகிறார்கள். அதில் விலக்குகள் பற்றி, அதாவது எவற்றுக்குப் பணம் கிடையாது என்பது பற்றி, ஒரு வரியும் இல்லை. விலக்குகளை வாசிக்காமல் இந்தக் காப்புறுதியை வாங்குவதில் பயனில்லை. எமது பத்திரத்தில் கொந்தராத்துக்காரர் மூலம் வருபவர்கள் இயல்பாகச் சேர்க்கப்பட்டிருக்கவில்லை. மேலதிகக் கட்டணம் கட்டி எழுத்தில் சேர்ப்பித்தோம். எமது தொழிலின் பகுதியான ஒரு வேலையைக் கொந்தராத்துக்குக் கொடுத்தாலும் அந்த ஆட்களுக்கான பொறுப்பு எம்மையே தேடி வரும் என்று கட்டளைச் சட்டம் சொல்கிறது. வீடு கட்டுவிப்பவர்களும் கடைத்தொகுதி கட்டுவிப்பவர்களும் மேசன்மாரைக் கொந்தராத்தில் விட்டுவிட்டு நிம்மதியாக இருக்கும் எம்மூரில், வாங்கும் முன் முகவரிடம் கேட்க வேண்டிய முதற் கேள்வி இதுதான். போக்குவரத்தின் போது நேரும் விபத்து 2022இன் திருத்தத்துக்கு அமையப் பத்திரத்தில் எழுதப்பட்டிருக்கிறதா என்பது இரண்டாவது. பழைய பத்திரத்தின் வாசகத்தையே அச்சடித்துப் புதுப்பித்துத் தருவது எமக்கே நடந்தது. சுட்டிக்காட்டிய பின்புதான் திருத்தினார்கள். வைத்தியச் செலவைப் பொறுத்தவரை, அரச வைத்தியசாலையில் இலவச சிகிச்சை இருப்பதால் மேலதிகமாக அதற்குக் கட்டுவது அவசியமா என்பதை அவரவர் தீர்மானிக்கலாம். கை அறுவைச் சிகிச்சைக்குப் பின்னான பயிற்சிகளுக்குத் தனியாரிடம் போக வேண்டி வந்ததால், நாம் அடுத்த ஆண்டிலிருந்து அதையும் சேர்த்துக்கொண்டோம்.

இக்காப்புறுதி எட்டாத இடத்தையும் சொல்லியாக வேண்டும். முதலாளி ஒருவரின் கீழ் சம்பளத்துக்கு வேலை செய்பவருக்கே இது பொருந்தும். பனையில் ஏறிக் கள்ளிறக்குபவர் தனக்குத் தானே முதலாளி. 1970களில் உருவான பனை தென்னை வளக் கூட்டுறவுச் சங்கங்கள் அவரிடமிருந்து கள்ளை வாங்குகின்றனவே தவிர, சட்டத்தின் கண்ணில் அவர் சம்பளத் தொழிலாளி அல்லர். பனையிலிருந்து விழுந்து முள்ளந்தண்டு முறிந்தவர்களைக் குடாநாட்டில் எந்தக் கிராமத்திலும் காணலாம். பங்கு முறையில் கடலுக்குப் போகிறவர்களின் நிலையும் ஏறத்தாழ அதுவே. இவர்களுக்காக எந்த நிறுவனமும் இப்படியொரு பத்திரத்தை எனக்குக் காட்டவில்லை. முகவர்கள் காட்டுவது தனிநபர் விபத்துக் காப்புறுதியை மட்டுமே, அதிலும் உயரத்தில் செய்யும் வேலை விலக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்த பின்பே கையொப்பமிட வேண்டும்.

மொத்தத்தில், கட்டுப்பணக் கணிப்புக்கும் தொகையைக் குறையாமல் தந்தமைக்கும் நல்ல மதிப்பெண் கொடுக்கிறேன். வேகத்துக்கும் மொழிக்கும் குறைந்த மதிப்பெண். காயப்பட்டவரை நடத்திய விதத்துக்கு மதிப்பெண் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. இம்முறை புதுப்பிக்கும்போது மூன்று விடயங்களை எழுத்தில் கேட்டிருக்கிறோம்: கோரலுக்குத் தேவையான ஆவணங்களின் முழுப் பட்டியல் தமிழில் வேண்டும், அரை மாதக் கொடுப்பனவுக்கான தொகையை, இறுதிக் கணிப்புக்குக் காத்திராமல், அவ்வப்போது விடுவிக்க வேண்டும், காயப்பட்டவர் தனது தேசிய அடையாள அட்டையைக் காட்டினால் கோப்பின் நிலையை அவருக்கே சொல்ல வேண்டும். முதல் இரண்டுக்கும் கிளை முகாமையாளர் இணங்கிக் கடிதம் தந்திருக்கிறார். மூன்றாவதற்குக் கொழும்பிலிருந்து பதில் வர வேண்டும்.